புதுசா அனிமே பாக்க வர்றவங்களுக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டை எப்படி அறிமுகப்படுத்தறது: முழுமையான வழிகாட்டி

"அனிமே பாக்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கட்டும்?" அப்படினு யாராவது கேட்டா போதும், நம்மாளுங்க மூச்சு விடாம பதினஞ்சு பேரை அடுக்கிடுவாங்க. கேட்டவரு எல்லாத்தையும் நோட் பண்ணிக்குவாரு, ஒண்ணுகூட பாக்க மாட்டாரு. அதனால ஒரே ஒரு பேர் சொல்லுங்க. ஃபேன்டஸி பிடிக்கும்னு சொல்றவங்களுக்கு நான் சொல்ற பேரு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், ரொம்ப வருஷமா இதே பதில்தான், இன்னும் மாத்தற மாதிரி எதுவும் வரல.

ஆனா பேரை மட்டும் சொல்லிட்டு நகந்துட்டா வேலைக்கு ஆகாது. அதே பேர்ல ஒரு மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) இருக்கு, ரெண்டு தனித்தனி அனிமே இருக்கு, அனிமேஷன் படம் இருக்கு, நிஜ நடிகர்களை வெச்சு எடுத்த படமும் இருக்கு. புதுசா வர்றவரு தேடும்போது முதல்ல எது கண்ணுல படுதோ அதை கிளிக் பண்ணுவாரு, நாலு எபிசோட்ல குழம்பிப்போய் "நீ சொன்ன அளவுக்கு இல்லையேப்பா"ம்பாரு. எந்த வழியா உள்ள கூட்டிட்டுப் போறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு, இந்த கைடு முழுக்க அதைப் பத்திதான். ஸ்பாய்லர் பயப்படாம படிக்கலாம், பெரிய விஷயம் எதையும் உடைக்கல.

முதல்ல, ஏன் இதுன்னு நீங்க தெளிவா இருங்க

"செம்ம மச்சி, பாரு"ங்கறது ரெக்கமண்டேஷன் இல்ல. எதிர்ல இருக்கறவருக்கு ரெண்டு நிமிஷத்துல காரணம் சொல்லத் தெரியணும்.

கதை இதுதான். எட்வர்ட், அல்போன்ஸ்னு அண்ணன் தம்பி. அம்மா இறந்துடறாங்க. ஆல்கெமி, அதாவது ஒரு பொருளை இன்னொரு பொருளா மாத்தற கலை, அதைக் கத்துக்கிட்டு அம்மாவை திரும்ப உயிரோட கொண்டு வரலாம்னு ரெண்டு பசங்களும் முயற்சி பண்றாங்க, அந்தக் கலைல கண்டிப்பா செய்யக்கூடாதுன்னு தடை இருக்கற விஷயம் அது. அண்ணனுக்கு இடது கால் போகுது, தம்பிக்கு உடம்பே மொத்தமா போகுது, தம்பி உயிரை ஒரு இரும்புக் கவசத்துல கட்டி வெக்கறதுக்கு அண்ணன் தன்னோட வலது கையையும் குடுக்கறான். இழந்ததை திரும்ப வாங்க அவங்க கிளம்பறதுதான் தொடக்கம். இவ்வளவு சொல்றது ஸ்பாய்லர் இல்ல, ஆரம்பத்துலயே வந்துடும், சொன்னா கேக்கறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

இதுக்கு மேல நான் எடுத்துச் சொல்றது இந்த உலகத்தோட ரூல்ஸ். ஒண்ணு வேணும்னா அதுக்கு சமமான ஒண்ணைக் குடுக்கணும், இதான் ஆல்கெமியோட அடிப்படை விதி. நிறைய ஃபேன்டஸில விதின்னு ஒண்ணை முதல் எபிசோட்ல சொல்லிட்டு ஹீரோ மாட்டிக்கும்போது காத்துல பறக்க விட்டுருவாங்க, இங்க கடைசி வரைக்கும் அந்த விதிதான் கதையையே ஓட்டுது. ஒரு இடத்துல எட் (எட்வர்டை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒரு பொண்ணுகிட்ட பெரிய மனுஷனோட உடம்புக்கு என்னென்ன தேவைன்னு வரிசையா ஒப்பிப்பான்: தண்ணி 35 லிட்டர், கார்பன் 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு ஒண்ணரை கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம், உப்பு 250 கிராம்னு போகும், இதெல்லாம் ஒரு சின்னப்பையன் கைச்செலவு காசுக்கே சந்தைல கிடைச்சுடும்பான். ஏதோ கெமிஸ்ட்ரி பாடம் ஒப்பிக்கற மாதிரி அலட்சியமாத்தான் சொல்லுவான், ஆனா இந்தப் பையன் இந்தக் கணக்கை ஒருநாள் நிஜமாவே போட்டுப் பாத்தவன்னு தெரிஞ்சுக்கிட்டு கேட்டா வயித்தைக் கலக்கும்.

காமெடில கூட விதியை விட மாட்டாங்க. ராய் மஸ்டாங்னு ஒரு ராணுவ அதிகாரி, விரலைச் சொடுக்கினா நெருப்பு வரும். எப்படி வருதுன்னா, அவரு கையுறை உரசினா பொறி பறக்கற மாதிரி ஸ்பெஷல் துணில செஞ்சது, அந்தப் பொறியை வெச்சு காத்துல இருக்கற ஆக்சிஜனை அட்ஜஸ்ட் பண்ணி எரிப்பாரு. பிரதர்ஹுட்ங்கற அனிமேல (அது எதுன்னு கீழ சொல்றேன்) அஞ்சாவது எபிசோட்ல கொட்டற மழைல செம்ம ஸ்டைலா சண்டைக்கு நடந்து வருவாரு, பக்கத்துல இருக்கற லெப்டினன்ட் ரைசா ஹாக்ஐ காலைத் தட்டி அவரைக் கீழ விழ வெச்சுட்டு எதிரியைப் பாத்து தானே சுடுவாங்க. கேட்டா, நனைஞ்சா நீங்க எதுக்கும் ஆக மாட்டீங்களேன்னு அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவாங்க. சிரிப்பும் வரும், அந்த உலகம் எப்படி வேலை செய்யுதுன்னும் புரியும். யாராவது "ஃபேன்டஸின்னா லாஜிக் இருக்காதே"ன்னு இழுத்தா எனக்கு இந்த ஒரு சீன் போதும்.

அடுத்து, கதை முடிஞ்சிருச்சு. ஹிரோமு அரகாவாங்கற ஒரே ஆள் எழுதி வரைஞ்சது, மாசாந்திர ஷோனென் கங்கன் பத்திரிகைல 2001ல ஆரம்பிச்சு 2010ல முடிச்சாங்க, மொத்தம் 27 வால்யூம், 108 சாப்டர். இழுவை கிடையாது, முன்னாடி போட்ட முடிச்சை பின்னாடி அவங்களே அவிழ்ப்பாங்க. அந்த பிரதர்ஹுட் அனிமேவா பாத்தா 64 எபிசோட், ஒண்ணு 24 நிமிஷம்னு வெச்சாலும் 26 மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். ஆயிரம் எபிசோட் தாண்டி இன்னும் ஓடிட்டு இருக்கற சீரிஸை புதுசா வர்றவர் தலைல கட்டறதெல்லாம் பாவம்ங்க.

யாருக்கு சொல்லலாம், யாருக்கு வேணாம்

கேக்கறவங்க எல்லாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க. அட்டையைப் பாத்தா சின்னப்பசங்க சாகசக் கதை மாதிரிதான் இருக்கும், உள்ள ஒரு இனத்தையே ராணுவம் அழிச்ச போர் இருக்கு, அதுல கொன்னவங்க இப்ப எப்படி வாழறாங்கங்கறதும் இருக்கு. அந்த இஷ்வால் மக்கள் பகுதியை எழுதும்போது ஜப்பானோட ஆதிக்குடிகளான ஐனு மக்கள் நிலைமை மனசுல இருந்ததாவும், போருக்குப் போய் வந்தவங்ககிட்ட நேர்ல பேசினதாவும் அரகாவா சொல்லியிருக்காங்க. அந்தக் கனம் உள்ள தெரியும்.

குறிப்பா நாலாவது எபிசோட். குழந்தை, செல்லப்பிராணி இதுங்களுக்கு கெடுதல் நடந்தா தாங்க முடியாதவங்களா இருந்தா "ஆரம்பத்துலயே குழந்தை சம்பந்தப்பட்ட கொடுமை ஒண்ணு வரும், மனசை திடப்படுத்திக்கோ"ன்னு மட்டும் சொல்லுங்க. என்ன கொடுமை, யாரு பண்றது, எதுவும் வேணாம். இந்த அளவு எச்சரிக்கையால அந்த எபிசோடோட வேகம் குறையறதில்ல. பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு எடுத்துக் குடுக்கறதா இருந்தா அந்த எபிசோடை நீங்க முதல்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ரொமான்ஸை எதிர்பாத்து வர்றவங்களுக்கும் இது சரிவராது, இருக்கு, ஆனா ஊறுகாய் அளவுதான். "கார்ட்டூன்லாம் நான் பாக்கறதில்ல"ன்னு மூஞ்சைச் சுளிக்கறவங்ககிட்ட வாதாடவே வாதாடாதீங்க, அனிமே எவ்வளவு ஆழமான கலைன்னு லெக்சர் அடிச்சு யாரும் இதுவரைக்கும் பாக்க ஆரம்பிச்சதில்ல.

எந்த அனிமே? இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க

முதல் அனிமே 2003 அக்டோபர்ல வந்துச்சு, போன்ஸ் ஸ்டுடியோ, 51 எபிசோட், டைரக்டர் செய்ஜி மிசுஷிமா. அப்ப மங்கா பாதிகூட வரல. கதை கையிருப்பு தீந்துபோகும்னு தெரிஞ்சே ஆரம்பிச்சதால பாதிக்கு மேல அவங்களே சொந்தமா ஒரு கதையும் முடிவும் எழுதினாங்க, அதுக்கு அரகாவாவோட சம்மதமும் இருந்துச்சு. ரெண்டாவது அனிமே 2009 ஏப்ரல்ல, அதே போன்ஸ் ஸ்டுடியோ, டைரக்டர் யசுஹிரோ இரியே, பேரு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட். இது மங்காவோட முழுக் கதை. மங்காவோட கடைசி சாப்டர் 2010 ஜூன்ல வந்துச்சு, அனிமேவோட கடைசி எபிசோட் ஜூலை 4, ரெண்டும் கிட்டத்தட்ட கையைக் கோத்துக்கிட்டே முடிஞ்சது.

புதுசா வர்றவங்களுக்கு பிரதர்ஹுட். அவ்வளவுதான். "2003தான் டீப், இருட்டா இருக்கும், அதை முதல்ல பாத்தாதான் ஃபீல்"னு ஒரு கோஷ்டி வரும், அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல, ஆரம்பப் பகுதியை 2003 வெர்ஷன் நிதானமா, அழகா சொல்லும், எனக்கும் பிடிக்கும். ஆனா ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா அதே பேர்ல வர்ற வில்லன் ஒண்ணுல ஒரு ஆளு இன்னொண்ணுல வேற ஆளு, அவங்க எப்படி உருவானாங்கங்கறதே வேற மாதிரி, புதுசா வந்தவருக்கு தலை சுத்திடும். 115 எபிசோட் பாருன்னு முதல் நாளே சொன்னா ஆளே எஸ்கேப். 2003ஐ கடைசிக்கு எடுத்து வைங்க.

ஆளுக்கு லிங்க் அனுப்பும்போது பிரதர்ஹுட்ங்கற வார்த்தை தலைப்புல இருக்கான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்து அனுப்புங்க. "அந்த சீரிஸ்தான், தேடிக்கோ"ன்னு விட்டா பாதிப் பேர் வேற எதையாவதுதான் போட்டு உக்காந்திருப்பாங்க. 2017ல வந்த நிஜ நடிகர்கள் படத்துல இருந்து ஆரம்பிக்க மட்டும் விட்டுறாதீங்க.

முதல் பத்து எபிசோடை தாண்ட வெக்கணும்

பிரதர்ஹுட்டோட பலவீனம் அதோட ஆரம்பம்தான், இதை மறைக்காம சொல்லிடறது நல்லது. 2003ல ஏற்கனவே காட்டின பகுதிங்கறதால கடகடன்னு ஓட்டிடறாங்க. மங்கால கிட்டத்தட்ட நாலு வால்யூம் வர்ற விஷயம் பத்து எபிசோட்ல முடிஞ்சுடும், சில சின்னக் கதைகளை தூக்கியே போட்டுட்டாங்க, நிலக்கரிச் சுரங்க ஊர்க் கதை அப்படி காணாமப் போனதுதான். இதனால என்ன ஆகுதுன்னா, சில ஆளுங்க மேல நமக்கு பாசம் ஊறறதுக்குள்ளயே அவங்களுக்கு ஏதாவது ஆயிடுது.

அப்புறம் அந்த முதல் எபிசோட். அது மங்கால கிடையவே கிடையாது, அனிமேக்காக தனியா எழுதினது. எடுத்த எடுப்புலயே தலைநகரத்துல பனிக்கட்டியை வெச்சு சண்டை, ராணுவத்துல பத்து பேரு, ஆளாளுக்கு பட்டப்பேரு, முதல் தடவை பாக்கறவங்களுக்கு யாரு யாருன்னே பிடிபடாது. என் யோசனை, ரெண்டாவது எபிசோட்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. அது நேரா அம்மா, அண்ணன் தம்பி, அந்த ராத்திரின்னு கதையோட மையத்துல இறக்கிவிடும். முதல் எபிசோடை அஞ்சாவது பாத்தப்புறம் திரும்பி வந்து பாக்கலாம், எதுவும் கெட்டுப்போகாது, சொல்லப்போனா அதுல ஒரு பெரிய விஷயத்துக்கு சின்ன க்ளூ ஒளிஞ்சிருக்கு, முழுக் கதையும் முடிச்சுட்டு பாத்தா "அடப்பாவிங்களா, அங்கயே சொல்லிட்டீங்களா"ன்னு தோணும். வரிசை மாத்தினா பாவம்னு நினைக்கறவங்க ஒண்ணுல இருந்தே பாக்கட்டும், "புரியலன்னா கவலைப்படாத, அடுத்ததுல கதை தொடங்குது"ன்னு ஒரு வார்த்தை போட்டு வைங்க.

முதல் தடவையே நேரம் ஒதுக்கி 2ல இருந்து 5 வரைக்கும் நாலு எபிசோடை ஒரே உக்காரல்ல பாக்க வெச்சா பாதி வேலை முடிஞ்சது. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு அடுத்த வாரம்னு விட்டா போச்சு. நாலாவது எபிசோட் முடிஞ்சதும் அவங்ககிட்ட இருந்து மெசேஜ் வரும், அநேகமா திட்டுதான் வரும். அதுக்கப்புறம் பத்தாவது. அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. பத்தைத் தாண்டிட்டாங்கன்னா நீங்க பின்னாடி நின்னு தள்ள வேண்டிய அவசியமே இல்ல.

நகைச்சுவை பத்தியும் முன்கூட்டியே சொல்லி வைங்க. அழுத்தமான காட்சி ஓடிட்டிருக்கும், யாராவது எட்டை குள்ளன்னு சொல்லிடுவாங்க, அவன் மூஞ்சி பொம்மை மாதிரி ஆகி குதிகுதின்னு குதிப்பான், சட்டை கிழிய மசில் காட்டறதுக்குன்னே ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒரு மேஜர் வேற. அனிமே பழக்கம் இல்லாதவங்களுக்கு "என்னடா இது, சீரியஸா காமெடியா"ன்னு உறுத்தும். அது அரகாவாவோட கை, பழகிடும், ஒரு கட்டத்துல அந்தச் சிரிப்பு இல்லன்னா இந்தக் கதையைத் தாங்கவே முடியாதுன்னு புரியும்.

வாயைக் கட்டறதுதான் கஷ்டமான ஸ்டெப்

நீங்க பாத்துட்டீங்க, அவங்க பாக்கல, பக்கத்துல உக்காந்துக்கிட்டு "இப்ப பாரு, இப்ப பாரு"ன்னு முழங்கையால இடிக்கறது, அவங்க மூஞ்சியையே உத்துப் பாக்கறது, ஒரு கேரக்டர் வந்ததும் பெருமூச்சு விடறது, இதெல்லாம் ஸ்பாய்லர்தான். "இவன் மேல ரொம்ப பாசம் வெக்காத"ன்னு சொல்ற ஜென்மங்களை என்ன பண்றதுன்னே தெரியல.

கேரக்டர் பேரை கூகுள்ல தேட வேணாம்னு கண்டிப்பா சொல்லி வைங்க. பேரை பாதி டைப் அடிக்கும்போதே சாவு, உண்மையான அடையாளம்னு கூட வர்ற வார்த்தையே எல்லாத்தையும் போட்டு உடைச்சுடும். ரசிகர்கள் எழுதற விக்கிப் பக்கமும் அப்படித்தான், முதல் வரிலயே காலி. யூடியூப்ல ஓப்பனிங் பாட்டு கேக்கறதுன்னா கமென்ட் பக்கம் இறங்கக்கூடாது. நாலாவது எபிசோட வெச்சு சுத்தற மீம் எண்ணிக்கைக்கு அளவே இல்ல, அதுக்காகவே முதல் உக்காரல்லயே அதைத் தாண்ட வெக்கச் சொல்றேன்.

சந்தேகம் வந்தா உங்ககிட்டயே கேக்கச் சொல்லுங்க. "மத்தவங்க வட்டம் வரைஞ்சு பண்ற ஆல்கெமியை எட் மட்டும் எப்படி கையைத் தட்டியே பண்றான்?"னு கேப்பாங்க, எல்லாரும் கேக்கற கேள்வி. பதில் கதைலயே வரும், "நல்ல கேள்வி, மறக்காம வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கங்க.

படிக்கற ஆளா இருந்தா மங்கா

வாசிப்புப் பழக்கம் இருக்கறவங்களுக்கு நான் மங்காவையே முதல்ல குடுப்பேன். அனிமேல அவசர அவசரமா ஓடற அந்த ஆரம்பம் இங்க அதுக்குரிய வேகத்துல இருக்கும். முதல் பக்கமே ரத்தம் ஒழுக ஒழுக தம்பி பேரைச் சொல்லி அலறற எட்டுலதான் தொடங்குது, பக்கத்தைத் திருப்பினா பாலைவன ஊர்ல ரேடியோல பிரசங்கம் பண்ற ஒரு சாமியாரு, சாவகாசமா சாப்பிட்டுக்கிட்டே அதைக் கேக்கற ரெண்டு பேரு. அந்த ஜம்ப்லயே ஆள் மாட்டிடுவாங்க. சண்டைக் காட்சில கூட யாரு எங்க நிக்கறாங்க, எந்தப் பக்கம் அடி விழுதுன்னு குழப்பமே இருக்காது, அவ்வளவு சுத்தமான கட்டம்.

வலமிருந்து இடமா படிக்கணும்ங்கறதை முதல்லயே சொல்லுங்க, கட்டங்களும் அப்படித்தான், பேச்சு பலூனும் அப்படித்தான். ஒரு சாப்டர்ல பழகிடும். ரெண்டும் கலந்து பாக்கணும்னா முதல் நாலு வால்யூமை படிச்சுட்டு பிரதர்ஹுட் 11ல இருந்து பாக்கலாம், கிட்டத்தட்ட சரியா ஒட்டிக்கும், எனக்குத் தெரிஞ்சு இருக்கறதுலயே ருசியான வழி இதுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வால்யூம் கடைசில அரகாவா நாலு கட்ட காமெடி வரைவாங்க, அதை ஆசையா முன்னாடியே புரட்டிப் பாக்கக்கூடாது. அந்த வால்யூம்ல செத்துப்போனவங்க மேலோகம் போற மாதிரி ஒரு குட்டிப் படம் அங்கதான் இருக்கும். மேல இவ்வளவு பாடுபட்டு வாயைக் கட்டிக்கிட்டு கடைசில எழுதினவங்களே சொல்லிட்டா எப்படி.

அரகாவா ஹொக்கைடோல பால்பண்ணைக் குடும்பத்துல வளந்தவங்க, அதனால தன்னை வரையும்போது கண்ணாடி போட்ட மாடாத்தான் வரைவாங்க. இந்தக் கதைல வர்ற பொம்பளைங்க எல்லாம் ஏதோ ஒரு வேலைல கை தேர்ந்தவங்களா இருக்கறதுக்கும் அந்தப் பண்ணை வாழ்க்கைக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். இரும்புக் கை கால் செய்யற வின்றி, கறிக்கடைக் குடும்பத்துல இருந்துக்கிட்டு ஆல்கெமி சொல்லிக் குடுக்கற டீச்சர் இசுமி, வடக்கு எல்லைக் கோட்டையை ஆளற ஒலிவியர், யாரும் ஹீரோ காப்பாத்த வருவான்னு உக்காந்திருக்க மாட்டாங்க.

சப்பா டப்பா

சப்டைட்டிலோட ஜப்பானிய ஆடியோவா, இங்கிலீஷ் டப்பிங்கா, எது வசதியோ அது. ஜப்பானிய ஆடியோல எட்டுக்கு ரோமி பார்க், அல்போன்ஸுக்கு ரியே குகிமியா, ரெண்டு அனிமேலயும் இவங்களேதான். அந்தப் பிரம்மாண்டமான இரும்புக் கவசத்துக்குள்ள இருந்து சின்னப்பையன் குரல் வர்றது கேக்கவே ஒரு மாதிரி இருக்கும், அதுக்காக நான் ஜப்பானிய ஆடியோ பக்கம். சப்டைட்டில் படிச்சா படத்தைப் பாக்க முடியலங்கறவங்க இங்கிலீஷ் டப்ல பாக்கட்டும், நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. இதுல சண்டை போடறது வெட்டி வேலை.

நடுவுல நிறுத்திட்டாங்கன்னா

எங்க நிறுத்தினாங்கன்னு கேளுங்க. 3க்குள்ளன்னா ஆரம்ப வேகம்தான் காரணமா இருக்கும், மங்கா முதல் வால்யூமை குடுத்துப் பாருங்க. 4 அல்லது 10ல நிறுத்தினாங்கன்னா மனசு கனத்துப் போயிருக்கும், ஒரு வாரம் விடுங்க, தானா வருவாங்க. இருபதுக்கு மேலன்னா ஆளுங்க பேரு குழம்பியிருக்கும், அதுக்குள்ள பக்கத்து நாட்டுல இருந்து புது ஆளுங்க வேற வந்து சேந்திருப்பாங்க. அப்ப யாரு யாரு பக்கம்னு அவங்க பாத்த வரைக்குமான கதையை அஞ்சு நிமிஷம் உக்காந்து சொல்லிக் குடுங்க, அதுக்கு மேல ஒரு எபிசோட்கூட தாண்டாம. எல்லாம் பண்ணியும் பிடிக்கலன்னா பிடிக்கலதான், விட்டுடுங்க.

முடிச்சப்புறம்

64 முடிச்ச கையோட "அடுத்து என்ன?"னு வருவாங்க. இப்ப 2003 அனிமேவை எடுத்துக் குடுங்க, அதே ஆளுங்களை வெச்சு இப்படியும் போயிருக்கலாமோன்னு ஒரு மாற்றுப் பாதையா பாத்தா அதோட சோகம் நல்லா இறங்கும். அதுக்கு நேர் தொடர்ச்சியா 2005ல வந்த படம் இருக்கு, காங்கரர் ஆஃப் ஷம்பாலா, பிரதர்ஹுட் மட்டும் பாத்தவங்களுக்கு அது தலையும் புரியாது வாலும் புரியாது. 2011ல வந்த மிலோஸ் படம் தனிக் கிளைக்கதை, பாத்தாலும் சரி விட்டாலும் சரி.

ஃபேன்டஸியே வேணும்னா ஃப்ரீரென். 2023ல மேட்ஹவுஸ் ஸ்டுடியோ எடுத்த முதல் சீசன் 28 எபிசோட், வேகம் ரொம்ப நிதானம், அதனாலதான் முதல் அனிமேவா நான் சொல்றதில்ல. அரகாவாவோட கையே வேணும்னா சில்வர் ஸ்பூன், விவசாய ஸ்கூல் கதை, மந்திரம் மாயம் எதுவும் கிடையாது. 2021 கடைசில அதே ஷோனென் கங்கன்ல யோமி நோ சுகாய்னு புது ஃபேன்டஸி ஆரம்பிச்சாங்க, அண்ணன் தங்கச்சி ரெட்டைப் பிள்ளைங்களை வெச்சு. அதை மங்காவா படிக்க ஆரம்பிச்சா நீங்களும் அவங்களும் சேந்தே படிக்கலாம், யாரும் யார்கிட்டயும் எதையும் மறைக்க வேண்டியிருக்காது.